சொல்லிக்கொள்ளாமல் வந்தவர்

புயல் எச்சரிக்கை என்று வானொலியில் கேட்டால் மற்றவர்களுக்குப் பயம் வரும். எனக்குக் கோபம் வரும். கடல்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வந்தோமா, அடித்தோமா, போனோமா என்று அது ஒரு காலையில் வேலையை முடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஜீப்பில் வந்து இறங்குகிறவர்கள்மேல்தான் என் கோபமெல்லாம். இதை எழுதும்போதும் அது ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

என் அண்ணன் போலகத்தில் ஒரு மிராசுதாரிடம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா இல்லாத வீட்டில் என்னை டீச்சர் டிரெயினிங் வரை படிக்கவைத்தது அந்த டிராக்டர்தான். எனக்கு நெரவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டிலேயே அண்ணியோடும் பிள்ளைகளோடும் இருந்தேன். அண்ணன் அதிகம் பேசமாட்டார். குடிக்கவும் மாட்டார். அதற்காகக் கூட்டாளிகள் அவரை விடாமல் கிண்டல் செய்வார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. அங்கே இருக்கிறவன் சைக்கிள் மிதித்துக்கொண்டு இங்கே ஓடிவருகிறான், நீ இங்கேயே பிறந்து மோர் குடிக்கிறாயே என்பார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டு போய்விடுவார். அந்த மோர்க் கிண்டல் ஒருநாள் சர்க்கார் விசாரணையில் வந்து நிற்கும் என்று அப்போது யார் கண்டார்கள்.

காரைக்காலை அறியாதவர்களுக்கு எங்கள் எல்லையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்கு மூன்று பக்கமும் தமிழ்நாடு, நான்காவது பக்கம் கடல். வெள்ளைக்காரர்களில் எங்களுக்கு வாய்த்தது பிரெஞ்சுக்காரன், பக்கத்து ஊருக்கு வாய்த்தது இங்கிலீஷ்காரன், அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி ஒரே வயல், ஒரே வாய்க்கால், ஒரே பேச்சு. தெற்கே திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டி நாகூர் ரோட்டில் போனால் கடைசியாக ஒரு சாராயக்கடை வரும். அதைத் தாண்டினால் அடுத்த அரசாங்கம். செக்போஸ்ட் என்று ஒரு கழியும் ஒரு கொட்டகையும் இருந்தன. ஆனாலும் ஜனங்களுக்கு அடையாளம் அந்தக் கடைதான். "கடைக்குத் தெக்கே பொண்ணு எடுத்திருக்கோம்" என்றால் எங்கே என்று எல்லோருக்கும் புரியும்.

எழுபத்தேழாம் வருஷத்துப் புயல் விடியும் நேரத்தில் அடித்தது. வெளிச்சம் வந்தபோது எங்கள் வீட்டுக் கூரை அடுத்த தெருவின் வேலியில் கிடந்தது. அண்ணன் எங்களை மிராசுதாரின் ஓட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, அங்கே நின்ற டிராக்டரில் பின்னால் இழுக்கும் பெட்டியை மாட்டினார். மிராசுதாரிடம் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அவர் டீசலைப் பற்றிப் பேசியிருப்பார். அண்ணி எங்கே போகிறீர்கள் என்று கத்தினாள். பட்டினம் வரைக்கும் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

திருமலைராயன்பட்டினத்தில் கடலோரத் தெருக்களில் இருந்தவர்களைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டுவந்து பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் இறக்கியிருக்கிறார். பள்ளிவாசலில் பெரிய தேக்சாவில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்ளர் வாங்கி நின்றபடி குடிக்கும்போது இன்னும் தெற்கேயிருந்து கூப்பாடு கேட்டதாம். தம்ளரை வைத்துவிட்டு அப்படியே தெற்கே ஓட்டிக்கொண்டு போனார். ரோடு முழுக்கத் தண்ணீர். செக்போஸ்ட் கழியைக் காணோம், கொட்டகையைக் காணோம், சாராயக்கடையையும் கடல் கொண்டுபோயிருந்தது. இரண்டு அரசாங்கமும் அன்றைக்கு ஒரே தண்ணீருக்குள் கிடந்தன.

முதலில் உயிரோடு இருந்தவர்களைக் கொண்டுவந்தார்கள். அண்ணனோடு இன்னும் சில டிராக்டர்காரர்களும் பட்டினத்துக் கடற்கரைப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு பிணங்களைக் கொண்டுவந்தார்கள். பிறகு செத்த மாடுகள், ஆடுகள். அதெல்லாம் நாறத் தொடங்கியபோதுதான் சர்க்கார் வந்தது. ஜீப் ஜீப்பாக வந்து மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடரையும் பூச்சிமருந்துத் தூளையும் இறக்கினார்கள். கைக்கு உறை இல்லை, மூக்குக்குத் துணி இல்லை. அண்ணன் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, பெட்டியில் ஏறி நின்று, வெறுங்கையால் அள்ளி அள்ளி வீசியிருக்கிறார். காற்று எதிரில் அடித்தால் தூளெல்லாம் அவர் மேலேயே திரும்பும். பெட்டியிலேயே மூட்டைகளுக்கு நடுவில் படுத்துத் தூங்கியிருக்கிறார். வாரக்கணக்கில் இதுதான் வேலை.

இந்த வேலைக்குக் கூலி உண்டு என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் அறிவித்தார்கள். நிறையப் பேர் வாங்கினார்கள். அதில் தப்பும் இல்லை. அண்ணன் மட்டும் வாங்க மறுத்துவிட்டார். பிணம் தூக்கியதற்குக் கூலி வாங்கினால் அது வீட்டில் தங்காது என்பது அவர் எண்ணம். அதற்கென்று இருக்கிறவர்கள் வாங்கலாம், மற்றவர்களுக்கு அது கைமாறு எதிர்பார்க்காமல் செய்கிற காரியம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இந்த எண்ணம் உண்டு. இன்னொரு வழக்கமும் உண்டு. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. பேசாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நடையைக் கட்டவேண்டும். இதைக் குழந்தைகளுக்குக்கூட யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, பார்த்தே தெரிந்துகொள்ளும்.

அண்ணனுக்கு அந்தக் கடற்கரை முழுவதும் ஒரே சாவு வீடு. அதனால் கடைசி மூட்டைத் தூளை வீசி முடித்த அன்று, ஆபீசில் ஒருவரிடமும் சொல்லாமல் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். குளத்தில் தலைமுழுகி ஈரத் துணியோடு வீட்டுக்குள் வந்தார். அண்ணி வாசலில் வைத்திருந்த தண்ணீரைக் காலில் ஊற்றினாள். அவர் முகத்தில் கண்ணிமை முடிகூட வெளுத்துப்போயிருந்தது.

அடுத்த மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. மீட்பு வேலை செய்தவர்களையெல்லாம் மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினார்கள். போர்த்தியவர் எங்கள் பகுதி அரசியல்வாதி. அவர் பெயர் வேண்டாம், கரைவேட்டிக்காரர் என்றே சொல்கிறேன். பிற்பாடு வேட்டியின் கரை பல தடவை மாறியது, ஆள் மாறவில்லை. அன்றைக்கு அவர் கட்சி ஆட்சியில் இருந்தது. மீட்பு வேலையில் உடம்புக்கு எது வந்தாலும் ஆயுள் முழுக்க வைத்தியச் செலவை அரசாங்கம் ஏற்கும் என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அண்ணன் அப்போதே இருமிக்கொண்டிருந்தார். பனிக்காலம், சளி என்று நினைத்தோம்.

சளி இல்லை. மறுவருஷம் பங்குனியில், அனல் பறக்கும் வெயிலிலும் இருமல் நிற்கவில்லை. டிராக்டர் இருக்கையில் ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. காரைக்கால் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், பிறகு தஞ்சாவூருக்கு எழுதிக்கொடுத்தார்கள். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் அண்ணனை உட்காரவைத்து நிதானமாக விசாரித்தார். பவுடர் விஷயத்தைக் கேட்டதும் நுரையீரல் உள்ளே வெந்துபோயிருக்கிறது, பழையபடி ஆகாது என்றார். ஆனால் மருந்து விடாமல் கொடுத்தால் நடமாடிக்கொண்டு இருக்கலாம், விட்டால் ஒவ்வொரு மழைக்காலமும் இவருக்குக் கண்டம் என்றும் சொன்னார். அந்த மருந்து ஆஸ்பத்திரியில் கிடையாது. வெளியே வாங்கவேண்டும், தொடர்ந்து வாங்கவேண்டும். வாய்க்குள் வைத்து அழுத்துகிற குழல் ஒன்று, ஊசி ஒன்று, மழைக்காலத்தில் ஆக்சிஜன். டிராக்டர் வேலையும் போய்விட்ட வீட்டில் என் சம்பளம் அரிசிக்கும் பிள்ளைகளுக்கும்தான் காணும். ஆனால் நாங்கள் அன்றைக்குக் கலங்கவில்லை. மேடையில் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார்களே என்று தைரியமாகப் பஸ் ஏறினோம்.

நாங்கள் கேட்கப் போனபோது ஆட்சி கவிழ்ந்திருந்தது. புதிதாக வந்தவர்கள் அதெல்லாம் மேடைப் பேச்சு, அரசாங்க உத்தரவு எங்கே என்றார்கள். அந்த வைத்தியத் திட்டமே பழைய கட்சிக்காரர்கள் தங்கள் ஆட்களுக்குப் பங்கு போட்டுக்கொள்ளச் செய்த ஏற்பாடு என்றும், விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்திருப்பதாகவும் பத்திரிகையில் வந்தது. பதிலுக்குப் பழைய கட்சிக்காரர்கள், புதிய ஆட்சி ஏழைகளின் மூச்சோடு விளையாடுகிறது என்று சுவரெல்லாம் எழுதினார்கள். எங்கள் தெருச் சுவரிலும் எழுதினார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அவர் தலைக்கு மேலேயே அந்த வாசகம் இருந்தது.

கரைவேட்டிக்காரர் இப்போது எதிர்க்கட்சி. பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்காக பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தார். வீட்டுக்கு ஆள் அனுப்பி அண்ணனையும் கூப்பிட்டார். எனக்கு இஷ்டமில்லை. போகட்டும், ஏதாவது நடக்கும் என்று அண்ணிதான் சொன்னாள். நானும் கூடப் போனேன். மேடையில் முன்வரிசையில் அண்ணனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்சிக்காரர் குனிந்து வந்து, "அண்ணே, மைக் பக்கமாக் கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றார். எதற்கு என்று அண்ணனுக்குப் புரியவில்லை, நாற்காலியை நகர்த்திக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனின் இருமல் ஒலிபெருக்கிக் குழாயில் ஊர் முழுக்கக் கேட்டது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். கரைவேட்டிக்காரர் பேச்சை நிறுத்தி, கேளுங்கள் இந்த ஏழையின் குரலை என்றார். நான் எழுந்து போய் அண்ணனைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் அண்ணன் என்னைத்தான் கடிந்துகொண்டார். பாதியில் எழுந்தால் அவர்களுக்கு மரியாதைக் குறைவு இல்லையா என்றார்.

அந்த மழைக்காலத்தில் அண்ணனைக் காப்பாற்றியது எந்தக் கட்சியும் இல்லை, பிரெஞ்சு சர்க்கார். என்னோடு வேலை பார்த்த டீச்சரின் அப்பா காரைக்காலில் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா. பென்ஷன், பிரெஞ்சுப் பிரஜை, பழைய ஆஸ்துமாக்காரர். அவர் மருந்துச் செலவை அந்த தேசம் பார்த்துக்கொண்டது. நாள் முழுக்கச் சீட்டாடிக்கொண்டு எல்லோரையும் திட்டுகிற மனிதர். மகள் சொல்லி விஷயத்தைக் கேட்டவர், சீட்டைக் கீழே வைக்காமலேயே அலமாரியைக் காட்டி, "எடுத்துட்டுப் போம்மா, எனக்கு இன்னொண்ணு வரும்" என்றார். அதற்குப் பிறகும் பல தடவை கொடுத்தார். அந்தக் குழலை வாயில் வைத்து அண்ணன் இழுக்கும்போது எனக்கு நன்றியைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. கப்பலேறிப் போகவேண்டிய தூரத்தில் இருக்கிற சர்க்காருக்கு இந்தக் கிழவரின் மூச்சு கேட்கிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கிற இரண்டு சர்க்காருக்கும் என் அண்ணனின் இருமல் கேட்கவில்லை. மைக் வைத்தும் கேட்கவில்லை.

பிறகு மறுபடியும் தேர்தல், மறுபடியும் கட்சி மாற்றம். கரைவேட்டிக்காரர் வேட்டியின் கரையை மாற்றிக்கொண்டு ஆளுகிறவர்களோடு சேர்ந்தார். திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். யார் யாருக்கு உண்டு என்று முடிவுசெய்ய, வேலை செய்தவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. அண்ணனுக்கு அப்போது தொடர்ந்து நாலு வார்த்தை பேச முடியாது. ரிக்‌ஷாவில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிடவேண்டும். அண்ணனுக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருக்கலாம். அவர் கேட்ட முதல் கேள்வி, பிணங்களை எடுத்தது கடைக்கு வடக்கேயா தெற்கேயா என்பது. தெற்கே என்றால் அது அந்த அரசாங்கத்தின் பூமி. நம் வரிப்பணத்தில் அதற்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று சட்டசபையில் கூச்சல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே விசாரித்தாகிவிட்டது, உங்கள் ஆட்களை யார் வரச் சொன்னது என்று அவர்கள் கேட்டுவிட்டார்கள்.

எங்களுக்கு முன்னால் விசாரிக்கப்பட்டவர்களெல்லாம் விவரமாகப் பதில் சொல்லியிருந்தார்கள். கடை இருந்த இடம், பக்கத்துப் புளியமரம், சுண்டல் விற்ற பெட்டி என்று எல்லாம் சொல்லி, அதற்கு வடக்கேதான் வேலை செய்தோம் என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடையில் அவர்கள் கழித்த மாலைகள் வீண்போகவில்லை. என் அண்ணன் அந்தக் கடைக்குள் கால் வைத்தவர் இல்லை. தண்ணீர் சூழ்ந்த ரோட்டில் அது எங்கே இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வடக்கே என்று சொல்லுங்கள் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அதிகாரியும் அதைத்தான் எதிர்பார்த்துப் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

அண்ணன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார். "கடை எங்கன்னு தெரியாதுங்க. சத்தம் தெக்கேருந்து வந்துச்சு. போனேன்."

அதிகாரி அந்த இடத்தைக் காலியாக விட்டார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார். எல்லோரையும் வேலை முடிந்து ஒரே நாளில் அனுப்பியிருக்கிறார்கள், கூலி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். உங்களைப் பற்றிக் கேட்டால், நடுவிலேயே சொல்லாமல் போய்விட்டவர் என்கிறார்களே, ஏன் போனீர்கள் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது. இப்படி ஒரு கேள்வியை ஒரு பெரிய மனிதர் கேட்கிறாரே என்று அவருக்காக இவர் வெட்கப்பட்டார். சாவில் எப்படிங்க சொல்லிக்கொள்வது என்று மெதுவாகக் கேட்டார். அதிகாரி வெளியூர்க்காரர் இல்லை, தஞ்சாவூர்ப் பக்கம்தான். அவர் வீட்டிலும் சாவுக்குப் போய்விட்டுச் சொல்லாமல்தான் எழுந்து வந்திருப்பார்கள். அவருக்குப் புரிந்தது. புரிந்தும், இதை நான் எப்படிம்மா மேலே எழுதுவது என்று என்னைக் கேட்டார். தமிழில் எழுதுங்கள் என்றேன்.

பாதியில் வேலையை விட்டு ஓடியவர் என்று அண்ணனை ஒதுக்கிவிட்டார்கள். எதிர்க்கட்சி அதைக் கண்டித்து அறிக்கை விட்டது. கூலி வாங்காமல் சேவை செய்தவர்களுக்குத்தான் முதலில் கொடுக்கவேண்டும், கூலி வாங்கியவர்கள் வாங்கியாயிற்று என்றார்கள். அதைக் கேட்டுக் கூலி வாங்கியவர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள், எங்கள் வாயில் மண்ணைப் போடவா உங்கள் அண்ணன் கூலி வாங்கவில்லை என்று. அண்ணனோடு ஒரே பெட்டியில் நின்று தூள் வீசியவர்கள் அவர்கள். அவர்களில் இருவருக்கு அண்ணனைப் போலவே இருமல். கட்சிகள் இப்படி மாறிமாறி முட்டிக்கொண்டதில் திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் செலவழிக்கப்படாமலேயே திரும்பிப் போய்விட்டது என்று பிற்பாடு தெரிந்தது. ஒருவருக்கும் ஒரு ஊசி கிடைக்கவில்லை.

சொல்தா இறந்துபோனார். குழல் வருவதும் நின்றது. அதற்கடுத்த ஐப்பசியில், அடைமழையில், ஒரு பகல் நேரத்தில் அண்ணன் போனார். கட்டிலில் தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார்; சாய்ந்தால் மூச்சு முட்டும் என்பதால் பல மாதங்களாக அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அவரைக் கிடத்தியபோது முதுகு நிமிரவே இல்லை. டிராக்டர் ஓட்டும்போது ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பாரே, அந்த ஆள் அது. நான் அழவில்லை. அழுதால் கோபம் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

கரைவேட்டிக்காரர் மாலையோடு வந்தார். நல்ல ஆத்மா, தியாகி, கட்சிக்கே இழப்பு என்றார். எந்தக் கட்சிக்கு என்று நான் கேட்கவில்லை, அவருக்கே நினைவிருந்திருக்காது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு அண்ணியைப் பார்த்து, மேடையிலிருந்து இறங்குகிற பழக்கத்தில், "வரேம்மா" என்றார். பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை தலையும் திரும்பியது. ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சாவு வீட்டில் வருகிறேன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சொன்னபடி வந்தார். வாக்குத் தவறாத இடம் அவருக்கு அது ஒன்றுதான்.

அது எண்பதுகளின் பாதியில் வந்த ஒரு வெள்ளம். பழைய புயல் அளவுக்கு இல்லை, ஆனாலும் தெற்கே தண்ணீர் ஏறிவிட்டது என்று காலையிலிருந்தே பேச்சு. பள்ளிக்கூடம் விடுமுறை, நான் போலகத்தில்தான் இருந்தேன். ஜீப் வந்து நின்றது. டிராக்டர் வேண்டும், ஆட்கள் வேண்டும் என்றார் கரைவேட்டிக்காரர். ரோட்டோரத்தில் டிராக்டர்கள் பெட்டி மாட்டி நின்றன. ஒருவரும் ஏறவில்லை. மிராசுதாரின் டிராக்டரை இப்போது ஓட்டியவன் அண்ணியின் தம்பி. கைக்குழந்தைக்காரன். அவன் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு கீழே நின்று, "எந்தப் பக்கங்க?" என்று கேட்டான்.

கரைவேட்டிக்காரருக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். எல்லைக்கு வடக்கேயா தெற்கேயா என்று இப்போதே சொல்லிவிடுங்கள், கையுறையும் மூக்குக்குத் துணியும் கொடுத்துவிடுங்கள், பிறகு ஏறுவார்கள் என்றேன். அவர் முகம் சுருங்கியது. "உசுரு போற நேரத்துல கணக்குப் பாக்கலாமா டீச்சர்?" என்றார். நீங்கள் பார்த்தீர்களே என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். அத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அந்தச் சிரிப்பு. அதுவும் நிலைக்கவில்லை.

தெற்கேயிருந்து ஒருவன் இடுப்புத் தண்ணீரில் நடந்து வந்தான். தோளில் அவன் அம்மா. ரோட்டுக்கு ஏறியதும் அவளைக் கீழே உட்காரவைத்துவிட்டு, திரும்பி நின்று வந்த வழியைக் கையால் காட்டினான். அங்கே ஒரு கோயிலுக்குள் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தான், குளிரில் தாடை அடித்துக்கொண்டது, வார்த்தை துண்டுதுண்டாகத்தான் வந்தது. அவன் சொல்லி முடிப்பதற்குள் அண்ணியின் தம்பி இருக்கையில் ஏறிவிட்டான். துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டான். யாரும் சொல்லாமலே மற்ற ஆட்களும் பெட்டிகளில் தாவி ஏறினார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

கரைவேட்டிக்காரர் பூரித்துப்போய், "பாத்தீங்களா டீச்சர், இதான் நம்ம ஜனங்க" என்றார்.

அவர் செய்த எல்லாவற்றையும்விட, அந்தப் பெருமையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இவர்கள் போவார்கள் என்று அவருக்கு எப்போதும் தெரியும். மேடையில் வாக்குக் கொடுத்தபோதும் தெரியும், அந்த வாக்கைக் காற்றில் விட்டபோதும் தெரியும். என் அண்ணனை மைக் பக்கத்தில் உட்காரவைத்தபோதும் தெரியும். மருந்து கொடுத்தாலும் போவார்கள், கொடுக்காவிட்டாலும் போவார்கள் என்றால் எந்த சர்க்கார் கொடுக்கும்?

நான் டிராக்டருக்குப் பின்னால் ஓடினேன். சேறு தெறித்தது, செருப்பு ஒன்று கழன்று போனது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "தம்பி, வேலை முடிஞ்சதும் சொல்லிட்டு வா. பொணம் எடுத்தாலும் ஆபீசுல சொல்லிட்டு வா. கூலிய வாங்கிக்கிட்டு வா."

அவன் திரும்பிப் பார்த்தான். கேட்டுவிட்டது. படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், ரோட்டில் நின்று ஓர் அசிங்கமான வார்த்தையைச் சொல்லிவிட்டது போல என்னைப் பார்த்தான். பிறகு முகத்தைத் தெற்கே திருப்பிக்கொண்டான்.